பையில் இரண்டு சீட்டு

(பட்டிமன்றத் தலைப்பு: ‘நோயாளிக்கு நன்மை தருவது ஒரே வைத்தியமா? ஒன்றுசேர்ந்த வைத்தியமா?’ இதில் ‘ஒன்றுசேர்ந்த வைத்தியமே’ என்ற அணியில் பேசியது.)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எங்கள் அணியை ஒரு பிடி பிடித்துவிட்டு இப்போது நிம்மதியாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே! என் அணித் தோழர்களே! அரங்கத்திலும், வீட்டில் தொலைக்காட்சிக்கு முன்னாலும் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே!

எதிரணித் தலைவர் பேசும்போது ஓர் உவமை சொன்னார். ‘ரெண்டு படகில் கால் வைத்தவன் கரை சேர மாட்டான்’ என்றார். பலத்த கைதட்டல். நானும் தட்டினேன். நல்ல உவமை யார் சொன்னாலும் தட்டுகிறவன் நான். ஆனால் ஐயா, நம்ம கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். ஒற்றை மரத்தில் ஏறி எந்த மீனவனும் கடலுக்குப் போனதில்லை. நாலைந்து மரத்தைச் சேர்த்து வைத்து, கயிற்றால் இறுக்கிக் கட்டினால்தான் அதற்குக் கட்டுமரம் என்று பேர். விழுகிறவன் யார்? ரெண்டு மரத்தில் ஏறியவன் இல்லை. கட்டாத ரெண்டு மரத்தில் ஏறியவன்! (கைதட்டல்)

இன்றைக்கு என் வழக்கு முழுக்க அந்தக் கயிற்றைப் பற்றியதுதான். ஏனென்றால், நம்ம வீட்டு நோயாளி ஒன்றுசேர்ந்த வைத்தியத்தை ஏற்கெனவே தொடங்கிவிட்டார். யாரிடமும் கேட்கவில்லை, நடுவரின் தீர்ப்புக்கும் காத்திருக்கவில்லை. சந்தேகமிருந்தால் இன்று ராத்திரி வீட்டுக்குப் போய்க் குளிர்பெட்டியின் கதவைத் திறந்து பாருங்கள். மேல்தட்டில் இன்சுலின். அதற்குப் பக்கத்தில் நெல்லிக்காய்ச் சாறு. கீழே பாட்டியின் தைலம். அலமாரியில் ரத்தக் கொதிப்பு மாத்திரை. அதே டப்பாவில் ஊரிலிருந்து மைத்துனர் கொடுத்தனுப்பிய பொடி. பொடிக்குப் பேர் கிடையாது. ‘அந்தப் பச்சைப் பொடி’ என்றால் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். (சிரிப்பு)

இது இருக்கட்டும். ஆபத்து எங்கே வருகிறது தெரியுமா? டாக்டர் கேட்கிறார், ‘வேற ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களாம்மா?’ அம்மா சொல்கிறார்கள், ‘ஐயோ, இல்லீங்க டாக்டர்.’ அதே அம்மா சாயங்காலம் சித்த வைத்தியரிடம் போகிறார்கள். அவர் கேட்கிறார், ‘இங்கிலீஷ் மாத்திரை ஏதாவது உண்டா?’ ‘அதெல்லாம் அப்பவே நிறுத்தியாச்சுங்க.’ ரெண்டு சீட்டும் ஒரே மஞ்சள் பையில்தான் இருக்கிறது. ஆனால் இந்தச் சீட்டு அந்த டாக்டருக்குத் தெரியாது, அந்தச் சீட்டு இந்த வைத்தியருக்குத் தெரியாது. ஏன் இந்தப் பொய்? அம்மா பொய் சொல்கிற ஆள் இல்லை. திட்டுக்குப் பயம். அவ்வளவுதான்.

எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர். சர்க்கரைக்கு டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். சரியான மாத்திரை. நாட்டு வைத்தியர் ஒருவர் கஷாயம் கொடுத்தார். அதுவும் சர்க்கரையைக் குறைக்கிற கஷாயம்தான். மருமகள் பாசமான பெண். வாரப் பத்திரிகையில் படித்துவிட்டுக் காலையில் வெறும் வயிற்றில் பாகற்காய்ச் சாறு கொடுத்தாள். பெரியவர் பக்தி மிகுந்தவர், அன்றைக்கு ஏகாதசி, சாப்பாடு இல்லை. கோயிலுக்கு நடந்து போகிறார். வழியில் கை நடுங்குகிறது, குப்பென்று வியர்க்கிறது, கண் இருட்டுகிறது. பூக்கடை ஓரமாக அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஆளாளுக்கு ‘மாரடைப்பு’ என்கிறார்கள், ‘வெயில்’ என்கிறார்கள். பூக்காரம்மாதான் பக்கத்துக் கடைக்கு ஓடி, ஒரு கைச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்தார். கொஞ்ச நேரத்தில் பெரியவர் எழுந்து உட்கார்ந்தார். ‘எங்க அம்மாவுக்கும் சர்க்கரைங்க, இப்படித்தான் வேர்க்கும்’ என்றார் பூக்காரம்மா.

நடுவர் அவர்களே, இதில் யார் குற்றவாளி? டாக்டரா? அவர் தனக்குத் தெரிந்ததற்குச் சரியாகக் கொடுத்தார். வைத்தியரா? அவரும் அப்படித்தான். மருமகளா? ஏகாதசியா? தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் தப்பில்லை. மாத்திரை ஒன்று, கஷாயம் ஒன்று, பாகற்காய் ஒன்று, பட்டினி ஒன்று. ஆகமொத்தம் எத்தனை என்று கூட்டிப் பார்க்க ஆள் இல்லை. ஐயா, கூட்டல் கணக்கு! ஒன்றாம் வகுப்புக் கணக்கு! அதைப் போட ஒரு ஆள் வேண்டும். ஒருங்கிணைந்த மருத்துவம் என்று நாங்கள் சொல்வது அந்த ஆளைத்தான். எல்லாக் காயையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டுகிற கூட்டாஞ்சோறு என்று எதிரணிச் சகோதரி கேலி செய்தார். இல்லையம்மா. எந்தக் காயை எதோடு போடக்கூடாது என்று தெரிந்தவருக்குத்தான் சமையல்காரர் என்று பேர்.

சில கணக்குகளைச் சொல்கிறேன், தாய்மார்கள் குறித்துக்கொள்ளலாம். ரத்த சோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். நம்ம பெண்கள் அதைக் காபியோடும் டீயோடும் விழுங்குகிறார்கள். டீயில் இருக்கிற துவர்ப்பு இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பில் சேரவிடாது. மாத்திரை போகிறது, சோகை போகவில்லை. ‘மாத்திரை சரியில்லை’ என்கிறார்கள். தைராய்டு மாத்திரையும் அப்படித்தான். வெறும் வயிற்றில் போட்டுவிட்டு அரை மணி நேரமாவது கழித்துத்தான் காபி. இது எங்கள் வீட்டில் தினமும் நடக்கிற போராட்டம். அந்த அரை மணி நேரம் நான் யாரோடும் பேசுவதில்லை. (சிரிப்பு)

கீரை நல்லது. யார் மறுப்பார்? ஆனால் இதய வால்வு அறுவை சிகிச்சை செய்துகொண்டு, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் வகை மாத்திரை சாப்பிடுகிறவர் இருக்கிறார். கீரையில் இருக்கிற வைட்டமின் கே அந்த மாத்திரைக்கு எதிர்வேலை செய்யும். அவர் கீரையையே தொடக்கூடாது என்பதில்லை. ஒரு வாரம் ஒரு கட்டு, மறுவாரம் ஏழு கட்டு என்று மாற்றக்கூடாது, அவ்வளவுதான். இளநீர் அமிர்தம். ஆனால் சிறுநீரகம் பழுதானவருக்கு அதிலுள்ள பொட்டாசியம் இதயத்துடிப்பையே நிறுத்திவிடலாம். பார்க்கப் போகிறவர் அன்பாக நாலு இளநீர் வெட்டிக்கொண்டு போகிறார்! அதிமதுரம் தொண்டைக்கு இதம். நாங்கள் மேடைப் பேச்சாளர்கள் வாயில் போட்டு அடக்கிக்கொள்வோம். அதையே அளவில்லாமல் மாதக்கணக்கில் தின்றால் ரத்தக் கொதிப்பு ஏறும். கொதிப்புக்கு எதிரணியின் பேச்சுதான் காரணம் என்று நினைத்துக்கொள்வோம். (சிரிப்பு, கைதட்டல்)

இதையெல்லாம் சொல்ல வேண்டிய ஒருவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். உணவியல் நிபுணர். அவர் அறையைத் தேடிக் கண்டுபிடித்தவர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம். எக்ஸ்ரே அறைக்கு அந்தப் பக்கம், மாடிப்படிக்கு அடியில், ஒரு மேசை, ஒரு நாற்காலி. கையில் அச்சடித்த தாள். காலையில் ஓட்ஸ், பதினொரு மணிக்கு ஆப்பிள், மதியம் ப்ராக்கோலி, சாயங்காலம் நாலு பாதாம். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த அம்மா அதை வாங்கிப் பார்க்கிறார். அவர் வீட்டில் ரேஷன் அரிசி, மொச்சை, சந்தைக் கத்தரிக்காய், என்றைக்காவது முட்டை. அந்த அம்மா தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொள்கிறார். எதற்கு? அடுத்த தடவை வெற்றிலை மடிக்க!

இதே இடத்தில் நல்ல உணவியல் நிபுணர் ஒருவர் உட்கார்ந்திருந்தால் தாளைக் கடைசியில்தான் எடுப்பார். ‘வீட்டில் எத்தனை பேர்? யார் சமைக்கிறது? கடைசியாகச் சாப்பிடுவது யார்?’ என்று முதலில் கேட்பார். அந்த மூன்றாவது கேள்வி இருக்கிறதே, அது பாதி நோயைச் சொல்லிவிடும். பெரும்பாலான வீடுகளில் கடைசியாகச் சாப்பிடுவது அம்மா. குழம்பு தீர்ந்துபோய், மோரும் ஊறுகாயுமாகச் சாப்பிடுவது அம்மா. அவருக்கு இரும்பு மாத்திரை மட்டும் எழுதிக் கொடுத்தால் நோய் எப்படிப் போகும்?

எதிரணியில் ஒரு தம்பி ஆவேசமாகக் கேட்டார்: ‘சமையலறைக்கும் விஞ்ஞானத்துக்கும் என்னய்யா சம்பந்தம்?’ தம்பி, ஊட்டிக்குப் போகிற வழியில் குன்னூர் இருக்கிறதல்லவா? அங்கே 1918-இல் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி நோயை ஆராய ஒரு சின்ன இடத்தில் வேலையைத் தொடங்கினார். அதுதான் வளர்ந்து, 1958-இல் இடம் மாறி, இன்று ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். அரிசியைப் பச்சையாக ஆலையில் தீட்டித் தின்ற ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில் பெரிபெரி. புழுங்கல் அரிசி தின்ற தமிழ் மாவட்டங்களில் அது அரிது. காரணம் என்ன? நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கிற தயாமின் சத்து அரிசிக்குள்ளே இறங்கிவிடுகிறது. அப்புறம் எவ்வளவு தீட்டினாலும் முழுதாகப் போவதில்லை. நெல் அவித்த நம்ம பாட்டிக்குத் தயாமின் தெரியாது. ஆனால் பாட்டி பேரனைக் காப்பாற்றினாள்.

உடனே ‘பழமையே பெருமை’ என்று நான் கொடி பிடிப்பேன் என்று நினைக்காதீர்கள். அதே மெக்காரிசன் அங்கே எலிகளுக்கு இந்தியாவின் ஒவ்வொரு பகுதிச் சாப்பாட்டையும் போட்டுப் பார்த்தார். சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி தின்ற எலிகள், அதாவது சீக்கியர் சாப்பாடு, கொழுகொழுவென்று முதலிடம். மதராஸ் சாப்பாடு சாப்பிட்ட எலிகள்? வரிசையில் கடைசி! சோறும் கொஞ்சம் குழம்பும் தின்று நோஞ்சானாக நின்றன. பாட்டிக்குப் புழுங்கலுக்காக ஒரு கும்பிடு போடுவோம். பருப்பையும் பாலையும் குறைத்ததற்காகப் பாட்டியிடம் ஒரு கேள்வியும் கேட்போம். ரெண்டும் செய்கிறவன்தான் எங்கள் அணி.

எதிரணிச் சகோதரி இன்னொரு சவால் விட்டார். ‘எல்லாம் பேச்சுதானே! இந்த மருத்துவமும் சாப்பாடும் சேர்ந்து நின்ற ஒரு இடத்தைக் காட்டுங்கள்’ என்றார். காட்டுகிறேன். டிக்கெட் செலவும் அதிகமில்லை. சென்னைக் கடற்கரையில் மின்சார ரயில் ஏறுங்கள். பல்லாவரம், குரோம்பேட்டை தாண்டியதும் ஒரு பெயர்ப் பலகை வரும்: தாம்பரம் சானடோரியம். ஒரு ரயில் நிலையத்துக்கே ஆஸ்பத்திரியின் பேர்!

1928-இல் டாக்டர் சௌரி முத்து அங்கே காசநோயாளிகளுக்காக அந்தச் சானடோரியத்தை அமைத்தார். இங்கிலாந்திலேயே இத்தகைய சானடோரியம் நடத்திய தமிழர் அவர். அந்தக் காலத்தில் காசத்துக்கு மருந்து என்று ஒன்று கிடையாது. ஸ்ட்ரெப்டோமைசின் வர இன்னும் பதினைந்து ஆண்டு இருந்தது. அவரிடம் இருந்தவை காற்று, வெயில், ஓய்வு, சத்தான சாப்பாடு. சிலர் பிழைத்தார்கள், பலர் பிழைக்கவில்லை. சாப்பாடு மட்டும் போதும் என்று சொல்கிறவர்களை நான் அந்த வார்டுகளின் பழைய நாட்களை நினைத்துப் பார்க்கச் சொல்வேன்.

அப்புறம் மருந்து வந்தது. இப்போது எதிரணிக்கு நானே ஓர் ஆயுதம் எடுத்துக் கொடுக்கிறேன். அவர்கள் பேச மறந்துவிட்டார்கள். 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாய்வு மையம் ஒன்று தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மதராஸ் அரசு எல்லாம் சேர்ந்து நடத்தியது. வாலஸ் ஃபாக்ஸ் என்ற மருத்துவர் முன்னின்றார். சென்னையின் ஏழை நோயாளிகளை ரெண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குச் சானடோரியம்: படுக்கை, ஓய்வு, முட்டை, பால், நல்ல சாப்பாடு. இன்னொரு பிரிவுக்கு அவரவர் குடிசை: நெரிசல், அரைவயிறு, முடிந்தால் கூலி வேலை. ரெண்டு பிரிவுக்கும் ஒரே மாத்திரைகள், ஒரு வருஷம். 1959-இல் முடிவு வெளியானது. குணமானவர் அளவில் ரெண்டு பிரிவுக்கும் பெரிய வேறுபாடே இல்லை! உலகம் முழுவதும் சானடோரியங்களை மூட வழி திறந்தது நம்ம சென்னையின் அந்த ஆய்வு.

பார்த்தீர்களா? (எதிரணி பக்கம் திரும்பி) கைதட்டுங்கள், தட்டுங்கள். மாத்திரை ஜெயித்தது. நான் மறைக்கவில்லை. வீட்டில் வைத்தே காசத்தைக் குணப்படுத்தலாம் என்று ஏழைக்கு வழி காட்டிய ஆய்வு அது. அதை நான் கும்பிடுகிறேன். ஆனால் ஐயா, அதிலிருந்து உலகம் கூடுதலாக ஒரு பாடத்தைத் தானாகவே படித்துக்கொண்டது: மாத்திரை இருந்தால் சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று. பல பத்தாண்டுகள் அப்படியே ஓடின. அந்த ஆய்வு கேட்காத ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. நோயாளிக்கு மாத்திரை கொடுத்தாய், சரி. அதே குடிசையில் அவரோடு ஒரே காற்றைச் சுவாசிக்கிற மனைவிக்கும் பிள்ளைக்கும் வயிறு நிறையப் போட்டால் என்ன ஆகும்?

அந்தக் கேள்வியை ஜார்க்கண்டில் கேட்டார்கள். டாக்டர் அனுராக் பார்கவா, டாக்டர் மாதவி பார்கவா இருவரும் நடத்திய ஆய்வு. 2019 முதல் 2022 வரை. காசநோயாளிகள் 2,800 பேர். அவர்கள் வீட்டிலிருந்தவர்கள் 10,345 பேர். நோயாளிகள் எல்லாருக்கும் மருந்தோடு உணவுப் பை. வீட்டிலிருந்தவர்களில் ஒரு பிரிவுக்கு மட்டும், பெரியவர் ஒருவருக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ துவரம் பருப்பு, கூடவே சத்து மாத்திரை. அவ்வளவுதான் ஐயா! பாதாமும் இல்லை, ப்ராக்கோலியும் இல்லை. 2023-இல் லான்செட் இதழ்களில் முடிவு வந்தது. பருப்பு போன வீடுகளில் புதிதாகக் காசம் வருவது 39 சதவிகிதம் குறைந்தது. சளிப் பரிசோதனையில் உறுதியாகிற காசம் 48 சதவிகிதம், ஏறத்தாழ பாதி, குறைந்தது. நோயாளிகளிலும், முதல் ரெண்டு மாதத்தில் எடை ஏறியவர்களிடம் சாவு வெகு குறைவு. இந்த ஆய்வில் பங்கெடுத்த நிறுவனங்களில் ஒன்று எது தெரியுமா? அதே சேத்துப்பட்டு! அன்றைய மருந்தாய்வு மையம்தான் இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். 1959-இல் மாத்திரைக்குச் சாட்சி சொன்ன அதே வீடு, 2023-இல் பருப்புக்கும் சாட்சி சொன்னது. (பலத்த கைதட்டல்)

கை தட்டியது போதும், கேளுங்கள். மத்திய அரசு காசநோயாளிக்குச் சத்துணவுக்காக மாதம் 500 ரூபாய் கொடுக்கிற திட்டத்தை 2018-இல் கொண்டுவந்தது. 2024 நவம்பரிலிருந்து அதை 1,000 ஆக்கியது. தமிழ்நாட்டில் 2022-இல் காசநோய் இறப்பில்லாத் திட்டம் வந்தது. அதில் நோயாளி வந்தவுடன் பார்க்கிறவை எளிமையானவை. உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா? கால் வீங்கியிருக்கிறதா? மூச்சு வேகமாக வாங்குகிறதா? பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா? முடியாதவரைச் சீட்டுக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பாமல் படுக்கையில் சேர்க்கிறார்கள். எடைக் கருவியும் ஒரு செவிலியரின் கண்ணும் உயிர் காக்கின்றன. சாப்பாட்டைக் கவனிப்பதும் வைத்தியம்தான் என்பதற்கு இதைவிட என்ன சொல்ல?

அதே சானடோரியத்தில் இன்னொரு கதை. 1990-களில் எச்.ஐ.வி. நோயாளிகள் அங்கே வந்து குவிந்தார்கள். மற்ற இடங்களில் தொடப் பயந்தார்கள். வீட்டில் தட்டைத் தனியாக வைத்தார்கள். அந்த நோய்க்கான மாத்திரை அப்போது ஏழைக்கு எட்டாத விலை. அங்கே இருந்த நெஞ்சக மருத்துவர் டாக்டர் செ.நெ. தெய்வநாயகம் ஆங்கில மருத்துவம் படித்தவர். அவர் சித்த மருத்துவத்தின் கதவைத் தட்டினார். ரசகந்தி மெழுகு, அமுக்கரா சூரணம், நெல்லிக்காய் லேகியம் என்று மூன்று மருந்துகளை, கூடவே வந்த தொற்றுகளுக்கு ஆங்கில மருந்தோடு சேர்த்துக் கொடுத்தார். மருத்துவ உலகில் வாதமும் எதிர்வாதமும் நடந்தன. நான் தமிழ் வாத்தியார். அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் 2004 ஏப்ரல் 1 அன்று, இந்திய அரசு எட்டு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியபோது, அதில் தாம்பரமும் ஒன்று. சாவைத் தள்ளி நிறுத்தியது அந்தக் கூட்டு மருந்துதான். அதில் சந்தேகமே வேண்டாம். அந்த மாத்திரை கைக்கு வந்த பிறகும் ‘எனக்கு லேகியம் மட்டும் போதும்’ என்று யாராவது சொல்லியிருந்தால், அவர் தன் உயிரோடு விளையாடியிருப்பார். கையில் மருந்து இல்லாத நாளில் நோயாளியைக் கைவிடாமல் இருப்பதும், மருந்து வந்த நாளில் அதற்கு வழிவிடுவதும் வைத்தியருக்கு அழகு. 2005-இல் அதே சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் திறக்கப்பட்டது. ஒரே ரயில் நிலையத்தில் இறங்கினால் நெஞ்சக நோய் மருத்துவமனைக்கும் போகலாம், சித்த மருத்துவத்துக்கும் போகலாம். நோயாளியின் மஞ்சள் பை ரெண்டு வாசலுக்கும் போய் வருகிறது. ஒரு வாசலின் சீட்டை இன்னொரு வாசலில் விரித்து வைத்துப் படிக்க வேண்டும் என்பதுதான் எங்கள் கட்சி.

எதிரணிக்கு இங்கே ஒரு நியாயமான பயம் உண்டு. ‘ஒன்றுசேர்ந்த வைத்தியம் என்று கதவைத் திறந்தால் போலிகள் நுழைவார்கள்’ என்கிறார்கள். ஒத்துக்கொள்கிறேன். ‘மூன்றே மாதத்தில் சர்க்கரை போச்சு’ என்று சுவரில் எழுதுகிறவர் எங்கள் அணி இல்லை. மூட்டுவலிக்கு அற்புதப் பொடி என்று விற்கிறார்கள். தின்ற மறுநாளே வலி பறக்கிறது. எப்படிப் பறக்கிறது? பொடிக்குள் ஸ்டீராய்டு கலந்து விற்றுப் பிடிபட்டவர்கள் உண்டு. முகம் உப்பும், எலும்பு தேயும், சர்க்கரை ஏறும். திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. ‘அந்தப் பச்சைப் பொடி’ என்று சொன்னேனே, பேர் தெரியாத பொடி, அதைத்தான் சொல்கிறேன். அஞ்சரை வருஷம் படித்துப் பட்டம் வாங்கிய சித்த மருத்துவர் மருந்தின் பேரை எழுதிக் கொடுப்பார், அளவு எழுதுவார், பதிவு எண் போடுவார். பேர் எழுதாத மருந்து எந்த முறையில் இருந்து வந்தாலும் வாயில் போடாதீர்கள்.

இன்னும் கடுமையாகச் சொல்கிறேன். சின்னப் பிள்ளைக்கு வருகிற முதல் வகைச் சர்க்கரை நோய் இருக்கிறது. அந்தப் பிள்ளையின் உடம்பில் இன்சுலின் சுரக்கவே இல்லை. 1922-இல் இன்சுலின் ஊசி வருவதற்கு முன்னால் அந்த நோய் வந்த பிள்ளைகள் இறந்துதான் போனார்கள். எந்த மூலிகையும், எந்தப் பத்தியமும் அதற்கு மாற்று இல்லை. அந்தப் பிள்ளையின் ஊசியை நிறுத்தச் சொல்கிறவன் வைத்தியனே இல்லை. மார்பில் கட்டியோடு வருகிற பெண்ணிடம் ‘பத்துப் போட்டுப் பார்ப்போம்’ என்று ஆறு மாதம் ஓட்டுகிறவனும் அப்படித்தான். ‘இது என் வேலை இல்லையம்மா, இன்றைக்கே அங்கே போங்க’ என்று சொல்லத் தெரிந்தவர்தான் ஒருங்கிணைந்த மருத்துவர். அந்தப் பக்கத்துக்கும் இதையே சொல்வேன். ‘கீரை, கஷாயம் எல்லாம் மூடநம்பிக்கை’ என்று ஒரே வரியில் தள்ளுகிற டாக்டரிடம் நோயாளி அடுத்த தடவை உண்மையைச் சொல்ல மாட்டார். பம்பாயில் ருஸ்தம் வக்கீல் என்ற இதய மருத்துவர் சர்ப்பகந்தா வேரை அப்படித் தள்ளவில்லை. நோயாளிகளுக்குக் கொடுத்து, அளந்து, எழுதி, 1949-இல் பிரிட்டிஷ் இதழில் வெளியிட்டார். ரத்தக் கொதிப்பு வைத்தியத்தில் அந்த வேருக்கு உலகம் முழுவதும் ஓர் இடம் கிடைத்தது. கொடுத்தார், அளந்தார், எழுதினார். நடுவில் இருக்கிற ‘அளந்தார்’ முக்கியம்.

(மணி ஒலிக்கிறது.) இதோ முடிக்கிறேன் ஐயா. வள்ளுவரைத் தொடாமல் இறங்கினால் என் பட்டத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள். (சிரிப்பு) மருந்து என்று ஓர் அதிகாரம் வைத்தார். பத்துக் குறள். அதில் ஆறு குறள் சாப்பாட்டைப் பற்றி! பசித்துச் சாப்பிடு, அளந்து சாப்பிடு, முன்னே தின்றது செரித்ததா என்று பார்த்துச் சாப்பிடு. மருந்து அதிகாரத்தில் மருந்தையே காணோம் என்று மாணவர்கள் கேட்பார்கள். கடைசிக் குறளில் வருகிறது. வைத்தியம் என்பது நாலு பேர் கூட்டு என்கிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்கிறவர். நோயாளியைத்தான் முதலில் வைத்தார். மருந்துக்கு மூன்றாம் இடம்தான் கொடுத்தார். கஞ்சி வைத்துக் கொடுக்கிற ஆளையும் வைத்தியத்துக்குள்ளேயே சேர்த்தார். மருந்து எந்த முறை மருந்து என்று அவர் சொல்லவே இல்லை பாருங்கள்!

அதனால் தாய்மார்களே, அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அந்த மஞ்சள் பையை அப்படியே எடுத்துக்கொண்டு போங்கள். மாத்திரை, லேகியம், பொடி, எல்லாவற்றையும் டாக்டர் மேசையில் கொட்டுங்கள். திட்டினால் திட்டட்டும். நடுவர் அவர்களே, அந்த மேசைக்கு எந்தப் பக்கம் தீர்ப்புச் சொல்வீர்கள் என்று காத்திருக்கிறேன்.